கடும்பாறையும் துரப்பண முனையும்

சிதம்பரத்தைச் சூழ்ந்த வயல்களில் மண்வெட்டி எத்துணை ஆழம் இறங்கினும் கல் அகப்படுதல் அரிது. வண்டலே அவ்வூரின் நிலம். கோபுர வாயில்களில் கரணச் சிற்பங்களைத் தாங்கி நிற்கும் கருங்கல் அனைத்தும் வேற்றிடத்தினின்று கொணரப்பட்டதேயாம். ஆயினும் அவ்வண்டலின் அடியில் மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காய்க் கிடக்க, அவற்றிற்கும் கீழே அக்கருங்கல்லின் இனத்துப் பாறையே அடித்தளமாய் அமைந்துள்ளது. பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலின்கீழுள்ள பி.ஒய்.-1 என்னும் வயலில், அப்பாறையின் வெடிப்புகளிலேயே எரிவாயு தங்கியிருக்கக் கண்டனர். 2009-ஆம் ஆண்டில் அது கரை சேர்ந்தது. கரையின்மேல், பரங்கிப்பேட்டை, குமராட்சி முதலிய வட்டாரங்களில் புதிய எண்ணெய்த் துளைகளை 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் விலக்கியுள்ளது. நெல் விளையும் நிலத்திற்கு அது தக்கதே என்பது நமது கருத்து. எனினும் வண்டலில் தொடங்கிக் கருங்கல்லில் முடியும் துளையை இடுவது எவ்வாறு என்னும் வினா அறிவிற்கு இன்பம் பயப்பதாகலின், ஈண்டு அதனை ஆராய்வோம்.

துரப்பணம் என்பது நம் தச்சர்க்குப் பழகிய சொல். அதன் முனையைத் துளைத் தொழிலாளர் 'பிட்' என்பர். கல்தச்சரின் உளியை நோக்கினால் அம்முனையின் தன்மை விளங்கும். உளி கல்லை அறுப்பதன்று. நுனி பட்ட இடம் நொறுங்க, அருகிலுள்ள சில்லு தெறித்து வீழ்கின்றது. மழுங்கிய உளியைத் தச்சர் உலையிலிட்டு மீண்டும் கூராக்குவர். துளையிடுவோர்க்கு அவ்வசதி இல்லை. 3,000 மீட்டர் ஆழத்தில் முனை தேய்ந்தால், மும்மூன்று குழாய்களாய்ச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட கட்டுகளை ஒவ்வொன்றாய் மேலே இழுத்துக் கழற்றி, புது முனை பூட்டி, மறுபடியும் இறக்குதல் வேண்டும். ஆகவே விரைந்து துளைப்பதினும் நெடிது உழைப்பதே ஆழத்தில் பெரிது.

1909-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய மூத்த ஹோவர்டு ஹியூஸ் பற்களுடைய இரு கூம்புகளை உருளச் செய்து பாறையை நொறுக்கும் முனைக்குக் காப்புரிமை பெற்றார். 1933-இல் கூம்புகள் மூன்றாயின. மென்பாறைக்குப் பற்கள் நீண்டு, இடைவெளி அகன்றிருக்கும். கூம்பின் அச்சும் சற்று விலகி நிற்பதால் பல் உருளும்போதே சுரண்டும். கடும்பாறையில் சுரண்டினால் பல்லே தேயும். ஆதலின் அச்சின் விலக்கத்தைக் குறைத்து, டங்ஸ்டன் கார்பைடு குமிழ்களைக் குட்டையாயும் நெருக்கமாயும் பதிப்பர். பாறை கடினமாக ஆகப் பாரம் மிகுதியாக ஏற்ற வேண்டுமன்றோ? அதனைத் தாங்கும் தாங்கியும் பெரிதாதல் வேண்டும். சாண் அகலமுள்ள துளையிலோ பல், கூம்பு, தாங்கி மூன்றும் ஒரே இடத்திற்குப் போட்டியிடுகின்றன. பல் குட்டையானதால் மிஞ்சிய இடம் தாங்கிக்குக் கிடைக்கின்றது.

கடினம் வேறு, தேய்க்கும் தன்மை வேறு என்பதையும் மறத்தலாகாது. கடலூரை அடுத்த கேப்பர் மலையில் வெளிப்படும் மணற்கல் கருங்கல்லினும் மெலியதே. ஆயினும் அதன் மணற்பரல்கள் எஃகை அரம்போல் அராவும். அம்மணற்கல் இறுகிக் கிடக்கும் நெய்வேலியில், வெடி வைத்துத் தளர்த்திய பின்னரே பெருஞ்சக்கர யந்திரத்தின் பற்களை அதன்மேல் ஏவுவர்.

உருளும் உறுப்பே இல்லாத முனை 1970-களில் வந்தது. செயற்கை வைரத்துகளைக் கோபால்ட் துணையால் வில்லையாக்கி, அவ்வில்லையால் பாறையைச் சீவுவர். நொறுக்குவதினும் சீவுவதற்கு ஆற்றல் குறைவாகவே வேண்டும். ஆனால் கடும்பாறையில் உராய்வின் வெப்பம் ஏறுகின்றது. வைரத்தினும் கோபால்ட் மிகுதியாய் விரிவதால், ஏறத்தாழ 700 பாகைக்கு மேல் வில்லை உள்ளிருந்தே விரிசலுறும். அதனால் வில்லையின் முகப்பிலுள்ள கோபால்ட்டை அமிலத்தால் கரைத்து நீக்குகின்றனர்.

நம்மை வியப்பிலாழ்த்தியது வேறொரு வகை. அதில் வைரப் பரல்கள் உலோகக் கலவையினுள்ளே முழுவதும் பொதிந்திருக்கும். மேற்பரல் மழுங்கி உதிர, கலவை தேய்ந்து, அடுத்த பரல் கூருடன் வெளிப்படும். தேய்தலைத் தடுக்க முயலாது, எத்துணை விரைவில் தேயவேண்டும் என்று அளந்து செய்த முனை அது. கலவை மிக இறுகினால் மழுங்கிய பரலே முகப்பில் தங்கித் துளை நின்றுவிடும். மிக நெகிழ்ந்தால் நல்ல பரலும் வீணாய் உதிரும்.

இவ்வளவு செய்தும், வெடிப்புடைய அடித்தளப் பாறையில் இடர் தீர்வதில்லை. வெடிப்பைத் தாண்டுந்தோறும் முனை இடறி, அதிர்ச்சியால் வைரவில்லை சில்லுபடுகின்றது. முனையைக் குளிர்வித்துத் தூளை மேலேற்றும் சேற்றுநீரும் அவ்வெடிப்புகளிலேயே வழிந்தோடி மறைகின்றது. வாயு தங்குவதும் அவ்வெடிப்புகளிலே ஆதலால், துளையிடுவோர் அவற்றை விலகிச் செல்லவும் இயலாது.