துணை விமானியின் முதல் நேர்காணல்

நுழையும்முன்

எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால் மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், காவல் அலுவலர் என்ற விடைகள் வரிசையாக வரும். 'விமானி' என்று எப்போதாவது ஒரு குரல் எழும். அதைத் தொடர்ந்து சிரிப்பொலியும் எழும். அந்தக் குரலுக்கு உரியவர் ஒருநாள் நேர்காணல் அறையின் கதவைத் தட்டும்போது உள்ளே என்ன நடக்கும்? அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது? அதைப் பற்றியது இப்பாடம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் எலவனாசூர்கோட்டை. சோழர்காலக் கல்வெட்டுகள் கொண்ட கோயில் இவ்வூருக்கு உண்டு. இதன் கிழக்கே, உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று பயணிகள் விமானம் காணாமல் கிடக்கிறது. மேற்கே சென்றால் சின்னசேலத்தைக் கடந்ததும் கல்வராயன் மலைத்தொடர் சாலைக்கு அருகில் வந்துவிடும். இன்னும் மேற்கே சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. சிற்றூர்களையும் நடுத்தர நகரங்களையும் வான்வழியே இணைக்க 2016இல் நடுவண் அரசு அறிவித்த 'உடான்' திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் பறக்கத் தொடங்கியது. பின்னர் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது. ஏறத்தாழ எழுபது பேர் அமரும், இரு சுழல்விசிறிகள் கொண்ட ஏடிஆர் வகைச் சிறு விமானங்களே இத்தகைய வழித்தடங்களுக்குப் பெரிதும் ஏற்றவை. இவற்றை இயக்குவோரை வட்டார விமான நிறுவனங்கள் என்பர்.

இப்பகுதிப் பள்ளி ஒன்றில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, தமிழ் வழியில் படித்தவரை அங்கே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களா?" என்றாள். அந்த வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் 'ஆம்' என்று விடை கூறியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அதுவன்று. என்ன கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்பதே அவள் அறிய விரும்பியது.

நேர்காணலுக்கு முன் கடக்கவேண்டிய வழியை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இயற்பியலும் கணிதமும் பயின்று பன்னிரண்டாம் வகுப்பில் தேறவேண்டும். வணிக விமானி உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். முதல்நிலை மருத்துவத் தகுதி வேண்டும். வான்வழி காணல், வானிலையியல், வான்பறப்பு விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் குடிமை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்தும் தேர்வுகளிலும், வானொலித் தொடர்புக்கான தனித்தேர்விலும் தேறவேண்டும். 200 மணிநேரம் பறந்திருக்கவேண்டும். அதில் 100 மணிநேரம் தாமே பொறுப்பு விமானியாகப் பறந்ததாக இருத்தல் வேண்டும். பயிற்சிச் செலவு பல பத்து இலட்சம் ரூபாய். நிலத்தை விற்றும் கடன் பெற்றும் கட்டணம் செலுத்திய பிறகு கண்ணில் குறை இருப்பதாக மருத்துவர் சொன்னால் அக்குடும்பம் என்னாகும்? ஆகவே மருத்துவச் சோதனையை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் பணத்தைப் பற்றி எண்ணுவதே அறிவுடைமை. பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டங்களில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் ஒரு படிப்பாக இடம்பெற்றிருப்பது கல்வராயன் மலையூர்களில் பலரும் அறியாத செய்தி.

இனி நேர்காணலுக்கு வருவோம். எழுத்துத் தேர்வும், பறத்தல் சூழலை அப்படியே காட்டும் சிமுலேட்டர் பொறியில் ஒரு சோதனையும் பெரும்பாலும் அதற்கு முன்னரே நடந்துவிடும். மேசையின் மறுபக்கம் அமர்ந்திருப்போரில் மூத்த விமானி ஒருவரேனும் இருப்பார். அவர் கையில் முதலில் இருப்பது விண்ணப்பதாரரின் பறத்தல் பதிவேடு. எந்த நாளில், எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிநேரம் என்று பயிற்சிக் காலம் முழுவதும் விமானி எழுதிவரும் ஏடு அது. "உங்கள் முதல் தனிப்பறத்தலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அவர் தொடங்குவார். எளிய கேள்விபோல் தோன்றும். உண்மையில் பறந்தவருக்கு அன்றைய காற்றின் திசையும் தரையிறங்கியபோது ஏற்பட்ட பிழையும் நினைவில் இருக்கும். பறக்காமல் ஏட்டை நிரப்பியவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே நா குழறும். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் சிலர் நம் நாட்டில் கைது செய்யப்பட்டனர். தரையிறங்கும்போது பின் சக்கரங்களுக்கு முன் மூக்குச் சக்கரம் தரையில் படுமாறு விமானத்தை இறக்கியதைப் பற்றிய விசாரணையே அந்த மோசடி வெளிப்படக் காரணமாயிற்று.

அடுத்து வருவது பாடப்பொருள். மாணவர்கள் பெரிதும் அஞ்சும் இப்பகுதி, அவர்கள் இப்போதே கற்றுக்கொண்டிருப்பதுதான். சேலம் விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளும் 04, 22 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. 04 என்றால் வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 40 பாகைத் திசை. மறுமுனை அதற்கு நேரெதிராக 220 பாகை. காற்று 70 பாகைத் திசையிலிருந்து 20 நாட் விசையோடு வீசுகிறது எனில், 04 முனையில் இறங்கும் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை எவ்வளவு? இரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணம் 30 பாகை. சைன் 30 என்பது அரை. ஆகவே 10 நாட். கணித வகுப்பில் 'இது எதற்குப் பயன்படும்?' என்று முணுமுணுத்த முக்கோணவியல், இங்கே ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் இறங்குவதற்குப் பயன்படுகிறது.

இன்னொரு கணக்கு. புதுச்சேரியிலிருந்து நேர்க்கோட்டில் சேலம் நோக்கி 15,000 அடி உயரத்தில் ஒரு விமானம் வருவதாகக் கொள்வோம். சேலம் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 அடி மேலே உள்ளது. இழக்கவேண்டிய உயரம் 14,000 அடி. ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 14ஐ மூன்றால் பெருக்க 42 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 78 கிலோமீட்டர். அந்த இடத்தில்தான் விமானம் இறங்கத் தொடங்கவேண்டும். நிலப்படத்தில் அளந்து பார்த்தால், அந்தப் புள்ளி கல்வராயன் மலைப்பகுதியில் விழுவதைக் காணலாம். நேர்காணல் செய்பவர் இதோடு விடமாட்டார். "மலைக்கு மேலே செல்லும்போது ஓர் என்ஜின் நின்றுவிட்டது. எந்த உயரத்துக்குக் கீழே போகமாட்டீர்கள்? ஏன்?" என்பார். அவர் விரும்புவது விடையை மட்டுமன்று. மலையின் உயரம், அதற்கு மேல் விட்டுவைக்கவேண்டிய பாதுகாப்பு இடைவெளி, மேகமூட்டம் என ஒவ்வொன்றாக விண்ணப்பதாரர் வாய்விட்டு எண்ணும் முறையை அவர் கவனிக்கிறார்.

விடை தெரியாத கேள்வியும் வரும். வேண்டுமென்றே வரும். அப்போது 'தெரியாது, இன்ன நூலில் பார்த்து அறிவேன்' என்று சொல்பவர் மதிப்பை இழப்பதில்லை. ஊகத்தை உறுதிபோலச் சொல்பவரே இழக்கிறார். பக்கத்து இருக்கையில் அமரப்போகும் தலைமை விமானிக்கு, தமக்கு எது தெரியாது என்பதை அறிந்த துணைவரே வேண்டும். நம் பள்ளிகளில் தெரியாத விடைக்கும் தாளை நிரப்பிவைக்கும் பழக்கத்தை நாமே, அதாவது ஆசிரியர்களாகிய நாங்களே, ஓரளவு வளர்த்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேற்சொன்ன மாணவியின் மொழி குறித்த அச்சத்துக்கும் இங்கே விடை உண்டு. வானொலியில் பேசும் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் அன்று. வரையறுக்கப்பட்ட சொற்றொடர்கள், எண்கள், எழுத்துக்குறிப் பெயர்கள் ஆகியவற்றால் ஆனது. பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த ஆறு நிலைகளில் நான்காம் நிலைத் தேர்ச்சி போதும். ஒலிப்பில் தாய்மொழிச் சாயல் இருப்பதை அந்நிலை குறையாகக் கொள்வதில்லை. கேட்பவருக்குப் புரியவேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. நாள்தோறும் அரைமணிநேரம் உரக்கப் படித்தால் இதை எட்டிவிடலாம். இதைவிட நம் மாணவர்க்குக் கடினமானது வேறொன்று.

"தலைமை விமானி தவறு செய்கிறார். உங்களுக்குத் தெரிகிறது. அவர் உங்களைவிட இருபது ஆண்டு மூத்தவர். என்ன செய்வீர்கள்?"

இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எல்லா நேர்காணலிலும் வரும். அதன் பின்னே பல உயிர்களின் கணக்கு இருக்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த பயணிகள் விமானம் ஒன்று மங்களூரில் தரையிறங்க முற்பட்டது. அது குன்றின்மேல் சமன்செய்து அமைக்கப்பட்ட மேசைபோன்ற ஓடுபாதை. விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்துகொண்டிருந்தது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதை 'கோ அரவுண்ட்' என்பர். துணை விமானி மும்முறை 'கோ அரவுண்ட்' என்று கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. தலைமை விமானி இறங்குவதையே தொடர்ந்தார். ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றிய விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். எட்டுப் பேரே பிழைத்தனர். மும்முறை சொல்லியும் கேளாது இறங்கியதை விசாரணை மன்றம் விபத்தின் நேரடிக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது.

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல பழக்கமே. ஆனால் விமானி அறையில் அப்பழக்கம் சற்றே வேறு வடிவம் கொள்ளவேண்டும். மதிப்புடன் அழைத்து, கண்டதைச் சொல்லி, செய்யவேண்டியதையும் சொல்வது முதற்படி. "சார், உயரம் அதிகமாக இருக்கிறது, கோ அரவுண்ட் செய்யலாம்" என்பது அதற்கோர் எடுத்துக்காட்டு. பதிலில்லை என்றால் குரலை உயர்த்தி, சார் என்பதையும் விட்டு, கட்டளையாகவே சொல்லவேண்டும். அதுவும் பயனற்றுப்போனால், நிறுவனத்தின் விதிமுறை வகுத்துள்ளவாறு இயக்கத்தைத் தம் கையில் எடுக்கவேண்டும். நேர்காணலில் இதை ஒப்பிப்பது எளிது. அதனால்தான் அனுபவமிக்கவர்கள் விதியைக் கேட்பதோடு நிற்பதில்லை. "உங்கள் வாழ்வில் மூத்தவர் ஒருவரிடம் 'இது தவறு' என்று சொன்ன நிகழ்வு ஏதேனும் உண்டா?" என்றும் கேட்பார்கள். கரும்பலகையில் ஆசிரியர் இட்ட கூட்டல் பிழையை எழுந்து நின்று பணிவுடன் சுட்டிய மாணவருக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

நேர்காணலில் நேர்மையாக விடையளித்தும் வேலை கிடைக்காமற் போவதுண்டு. பிரேம் மாத்தூர் 1947இல் வணிக விமானி உரிமம் பெற்றார். பெண் என்பதற்காக எட்டு விமான நிறுவனங்கள் அவரை ஏற்க மறுத்தன. இறுதியில் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டக்கோட்டா விமானங்களை இயக்கிவந்த டெக்கான் ஏர்வேஸ் என்னும் வட்டார நிறுவனம் அவரைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. அவ்வகையில் இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி என்று அவர் போற்றப்படுகிறார். 1949இல் தேசிய வான்பந்தயத்தில் வென்றார். ஆயினும் அந்நிறுவனம் அவரைத் தலைமை விமானியாக்கவில்லை. அதனால் அவர் விலகித் தனியார் ஒருவரின் விமானியாகப் பணியாற்றினார். 1953இல் டெக்கான் ஏர்வேஸ் உட்பட எட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதில் சேர்ந்தார். ஓய்வுபெறும்வரை அங்கேயே பறந்தார். எட்டு முறை மறுக்கப்பட்டவர் ஒன்பதாம் கதவைத் தட்டுவதற்கு முன் அந்த மறுப்புகளை எப்படித் தாங்கினார் என்று எண்ணிப்பாருங்கள். இன்று எந்த நிறுவனமும் பெண் என்று சொல்லி ஒருவரை மறுக்க முடியாது. எனினும் காலியிடம் இல்லை, மீண்டும் முயலுங்கள் என்ற கடிதம் எவருக்கும் வரலாம். அந்த இடைவெளியில் பறக்கும் திறன் துருப்பிடிக்காமல் காப்பதும், தேர்வுப் பாடங்களை மறவாதிருப்பதும் ஆயத்தத்தின் பெரும்பகுதி.

"ஏன் எங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பது பெரும்பாலும் நேர்காணலின் இறுதியில் வரும். பெரிய நிறுவனத்துக்குத் தாவும்வரை இங்கே இருக்கலாம் என்ற எண்ணம் விண்ணப்பதாரரின் முகத்தில் தெரிந்துவிடும். வட்டார விமானியின் வேலை தனித்தன்மை கொண்டது. நீண்ட தொலைவு பறப்பவர் ஒரு நாளில் ஒருமுறை இறங்கும்போது, இவர் நான்கு முறை இறங்குவார். ஓடுபாதைகள் குறுகியவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலையில் தெளிவாக இருந்த வானம் மாலையில் இடிமேகமாக நிற்கும். அந்நிறுவனம் எந்த ஊர்களுக்குப் பறக்கிறது, எந்த விமானத்தை இயக்குகிறது, அவ்வூர்களின் ஓடுபாதை நீளம் என்ன, அருகில் என்ன மலை என்று நிலப்படத்தோடு ஒரு வாரம் அமர்ந்து படித்தவர் இக்கேள்விக்குத் தனியே விடை தேடவேண்டியதில்லை. கல்வராயன் மலைமேல் மாலையில் மேகம் திரள்வதை வீட்டு வாசலிலிருந்து பார்த்து வளர்ந்தவர், அதை அப்படியே சொன்னாலே போதும்.

கற்பவை கற்றபின்

ஓடுபாதை 04இல் விமானம் இறங்குகிறது. காற்று 100 பாகைத் திசையிலிருந்து 20 நாட் விசையோடு வீசுகிறது. பக்கவாட்டு விசையைக் கண்டறிந்து, அது மேலே கூறிய விசையைவிடக் கூடுதலா குறைவா என்பதைக் காரணத்துடன் எழுதுக.

மூவர் குழுவாகப் பிரிந்து, ஒருவர் விண்ணப்பதாரராகவும் இருவர் தேர்வாளராகவும் இருந்து பத்து நிமிட நேர்காணல் நடத்துக. விடை தெரியாத கேள்வி ஒன்றேனும் கேட்கப்படவேண்டும்.

மூத்தவர் ஒருவரின் தவற்றைப் பணிவுடன் சுட்டிக்காட்டிய நிகழ்வு, அல்லது சுட்டிக்காட்டாமல் இருந்து பின்னர் வருந்திய நிகழ்வு ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.