கீமோவும் கீழாநெல்லியும்

"கீமோ போட்டால் ஈரல் போய்விடும். கூடவே கீழாநெல்லி கொடுத்தால் தப்பிக்கலாம்." வாட்ஸ்அப்பில் வருகிறது, வார்டு வாசலில் சொல்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர் சத்தியமே செய்கிறார். ஈரல் நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தரும் மெதோட்ரெக்ஸேட்டும் மெர்காப்டோபியூரினும் ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியை ஏற்றும். ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் வந்ததும் பெற்றோர் பதறுகிறார்கள். ஈரல் செல்கள் அடிபடுகின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். ஈரல் வேலையை நிறுத்திவிட்டது என்று யார் சொன்னது? மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தினாலோ அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த எண் இயல்பு வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டி, காமாலையைக் காட்டும் பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மருந்தால் காமாலை வரை போனவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று கணித்தவர் ஹைமன் ஸிம்மர்மன் என்ற அமெரிக்க மருத்துவர். அந்த நிலைக்குப் போகவிடாமல் பிடிக்கத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். கீழாநெல்லிக்கு ஆதாரமே இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். இருந்தது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பிரமாதம். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவிர, அது வைரஸ் பற்றிய ஆய்வு. கீமோவால் புண்பட்ட ஈரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கீழாநெல்லி தனியாக வந்தாலும் பரவாயில்லை. சீந்தில், பேர் எழுதாத சூரணம் என்று படையோடு வருகிறது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்ட 43 பேரை 13 இந்திய மருத்துவ மையங்கள் 2022இல் பதிவு செய்தன. "ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்பார் அம்மா. கட்டிலுக்கடியில் கூடைக்குள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பச்சைத் தண்ணீர் நிற்கும். எண் ஏறினால் காரணம் கீமோவா கஷாயமா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது முதலில் நிறுத்தப்படுவது கீமோதான். நோய் அதற்காகக் காத்திருக்குமா?

மற்ற கதைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். "மாத்திரைதானே, ஊசி மாதிரி பாதிக்காது" என்கிறார்கள். லபாட்டினிப், பசோபானிப் இரண்டும் புற்றுநோய் மாத்திரைகள், இரண்டுக்குமே அமெரிக்க எஃப்.டி.ஏ. ஈரல் பாதிப்புக்காக மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டிருக்கிறது. இம்யூனோதெரபிக்குப் பக்கவிளைவே இல்லை என்பதும் கதை. தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி ஈரலையே தாக்கலாம். அப்போது ஸ்டீராய்டு தேவைப்படும்.

நிஜமாகவே ஈரலைப் பறிக்கக்கூடிய ஒன்றை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. என்றோ வந்துபோன ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்குள் அடங்கிக் கிடக்கும். ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததும் சீறி எழும். 2013இல் எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. முன்கூட்டியே தெரிந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், தினம் ஒரு மாத்திரை, பெரும்பாலும் தடுத்துவிடலாம். கஷாயத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பகுதி போதும். முதல் கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டும் பார்த்தாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், ஊசி ஏறும் முன்னே எடுக்கச் சொல்லுங்கள்.