தீக்கு உணவூட்டும் முறை



2022ஆம் ஆண்டு கொழும்பில் சமையல் எரிவாயு கிடைக்காமற் போனபோது, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைச் சிறுவீடுகளிலும் பலர் மீண்டும் விறகையும் கரியையும் தேடினர். ஊரிலிருந்து இடம்பெயர்ந்த எமக்கு அடுப்பு மூட்டுவது புதிதல்ல. ஆனால் குறைந்த எரிபொருளில் கூடிய வெப்பம் பெறுவது எப்படி? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

1. நிலக்கரி ஊட்டி கற்பிப்பது

கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள கொழும்புத் துறைமுகத்தில் முன்னர் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றின. கப்பலின் கொதிகலனுக்குத் தொழிலாளர் கரியை அள்ளிப் போட்டனர். ஒரேயடியாகப் போட்டால் தீ அமுங்கிப் புகை எழும். தாமதித்தால் வெப்பம் இறங்கும். இதற்குத் தீர்வாக இயந்திர ஊட்டி வந்தது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் சிறு கொதிகலன்களிலும் அது பொருத்தப்பட்டது. பெட்டியில் உள்ள கரியைத் திருகுத்தண்டு மெதுவாகச் சுழன்று சிறிது சிறிதாகத் தீக்குள் தள்ளும். விசிறி காற்றை ஊதும். அளவான கரி, அளவான காற்று: இரகசியம் இவ்வளவே.

2. எம்மிடம் உள்ளது உமி

இலங்கையில் நிலக்கரி வெட்டப்படுவதில்லை. நுரைச்சோலை மின் நிலையத்துக்கும் அது கப்பலிலேயே வருகிறது. ஆனால் ஊர் திரும்பியோருக்கும் நெல் ஆலைக்கு அருகில் வாழ்வோருக்கும் உமி உண்டு. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமியே. சுமார் 3 கிலோ உமியில் 1 கிலோ மண்ணெண்ணெயின் வெப்பம் இருக்கிறது.

உமியைக் குவித்து எரித்தால் காற்றுப் புகாது, புகையே மிஞ்சும். வியட்நாமில் இதற்கெனப் புனல் வடிவ அடுப்பொன்று பயன்பட்டு வந்துள்ளது. சரிவான தகரத்தில் கொட்டிய உமி எரிய எரியத் தானே கீழிறங்கும். துளைகளூடாகக் காற்று நுழையும். இடையிடையே தட்டிவிட்டால் சாம்பல் கீழே விழும். மின்சாரமில்லாத ஊட்டி இது. நெல் அவிக்கும் குடும்பங்களுக்கு ஏற்றது.

3. செய்து பார்ப்போம்

உமி இல்லாதோர் விறகைக் கொண்டே இதனைச் செய்யலாம்.

அ. காற்று வீசாத, ஆனால் திறந்த இடத்தில் அடுப்பை வையுங்கள்.
ஆ. மூடியுள்ள பானையில் 5 லீற்றர் நீர் எடுங்கள். விறகை நிறுத்துக் குறியுங்கள்.
இ. முதல் நாள் விறகை நிறைய அடுக்கி எரியுங்கள். மறுநாள் அதே விறகைச் சிறிதாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.
ஈ. நீர் கொதித்ததும் நேரத்தைக் குறித்து, தீயை அணைத்து, மீந்த விறகை நிறுங்கள்.
உ. ஒவ்வொரு முறையையும் மூன்று தடவை செய்து ஒப்பிடுங்கள்.

4. எச்சரிக்கை

பூட்டிய அறையில் கரி, உமி, விறகு எரிப்பது உயிராபத்து. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. புகையில்லாக் கரியும் அதனை வெளியிடும். தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தணலை அறைக்குள் வைத்து ஒருபோதும் உறங்காதீர்கள்.

குழுவாக ஆராய

1. எமது வீட்டில் மாதம் எவ்வளவு பணம் எரிபொருளுக்குச் செலவாகிறது?
2. அடுப்புப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர் யார்? அவருக்காக எதை மாற்றலாம்?
3. சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் உமி அடுப்பைச் செய்து பார்க்க முடியுமா?