ஊசி முனையில் ஒரு கிருமி

நம் உறையூரில் யாருக்கேனும் கண் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லியைத்தான் முதலில் தேடுகிறோம். பாட்டிமார் அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். ஆனால் மஞ்சட்காமாலை ஒரே நோயன்று. கல்லீரல் கெட்டிருப்பதைக் காட்டும் அடையாளமே அது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் ஏ, ஈ என்பவை பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருகின்றன. பி, சி என்பவை இரத்தத்தின் வழியே பரவுகின்றன. மருத்துவமனையில் பணிபுரிவோர் மிகவும் அஞ்ச வேண்டியவை இவ்விரண்டே.

பி வைரஸ் கண்டறியப்பட்ட வரலாற்றில் ஆய்வுக்கூடப் பணிப்பெண் ஒருவருக்கும் இடமுண்டு. அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றை 1960களில் கண்டார். அது எதைக் குறிக்கிறது என்பது முதலில் அவருக்கே விளங்கவில்லை. 1967-இல் அவரது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த பார்பரா வெர்னர் நோயுற்றார். தம் இரத்தத்தைத் தாமே சோதித்தார். முன்பு இல்லாத அப்புரதம் இப்போது அதில் இருந்தது! கல்லீரல் அழற்சிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு துலங்க இது பெரிதும் உதவிற்று. நல்ல வேளை, அவர் குணமடைந்தார். பிளம்பர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். 1981-இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

கீழாநெல்லியையும் விஞ்ஞானிகள் விட்டுவிடவில்லை. சென்னை ஆய்வாளர்கள் பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு பெரும் நம்பிக்கை தந்தது. பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை.

நம் நாட்டில் 1997-இல் ஹைதராபாதில் இத்தடுப்பூசி தயாரானபின் விலை வெகுவாகக் குறைந்தது. 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஆகவே எங்களுள் பலர் தொட்டிலிலேயே போட்டுக்கொண்டவர்கள். எங்கள் அன்னையரும், மருந்தகங்களில் சேவை செய்யும் அருட்சகோதரியரும் அப்படியல்லர்.

தடுப்பூசி போடாத ஒருவரைப் பி நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்று ஏற்படலாம். எய்ட்ஸ் கிருமிக்கு இது ஆயிரத்தில் மூன்றே. மேலும் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ஊசி போட்ட நர்ஸ் கையை விட்டு அது போய்விடுகிறது; குப்பைப் பையைத் தூக்கும் ஆயாவின் விரலில் அல்லவா ஏறுகிறது! இதை உணர்ந்தே 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் பி தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. உறையூர் மிஷன் ஆஸ்பத்திரியிலோ புத்தூர் அரசு மருத்துவமனையிலோ துப்புரவுப் பணி செய்யும் உறவினர் உங்களுக்கு இருந்தால், "போட்டாயிற்றா அத்தை?" என்று கேளுங்கள்.

தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். நர்ஸ் பயிற்சிக்குப் போக எண்ணும் அக்காமார் வார்டில் கால் வைக்குமுன்பே தொடங்குவது நல்லது. கடைசித் தவணைக்குப் பின் ஓரிரு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று தெரியும்.

சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை, மாத்திரைகளால் குணப்படுத்தலாம். எனவே பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடலாகாது. குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டியில் உடனே இட வேண்டும். குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். ஏச்சுக்குப் பயந்து பயிற்சி மாணவியர் இதை மறைப்பதுண்டு. தடுப்பூசி போடாதவருக்குத் தேவையான எதிர்ப்புப் புரத ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவதே சிறந்தது. ஆகையால் பொறுப்பு மருத்துவரிடம் அன்றே, அப்போதே சொல்லிவிட வேண்டும்.