கால்கூர்லிச் செம்மண்ணில் குடும்பத்தோடு தங்கம் தேட

1892 செப்டம்பரில் ஆர்தர் பெய்லி என்பவர் குதிரையேறிச் சதர்ன் கிராஸ் ஊருக்கு வந்து, 554 அவுன்ஸ் தங்கத்தைக் காட்டித் தம் இடத்தைப் பதிவு செய்துகொண்டார். அவரும் வில்லியம் ஃபோர்டும் அதைப் பொறுக்கியெடுத்த இடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் உலர்நிலத்தில் இருக்கும் கூல்கார்டி. அடுத்த ஆண்டு ஜூனில் பேடி ஹானன், ஃபிளானகன், ஷே என்ற மூவர் அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளித் தங்கம் கண்டார்கள். அந்த இடம்தான் இன்றைய கால்கூர்லி. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடி வந்தார்கள். தங்கம் இருந்த அந்த மண்ணில் குடிக்கத் தண்ணீர் இல்லை. டைபாய்டு காய்ச்சல் பலரை வாரிக்கொண்டு போனது. பெர்த் பக்கத்து மலையிலிருந்து 560 கி.மீ.க்கு மேல் குழாய் பதித்து 1903-இல் தண்ணீர் வந்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

இன்று அதே நிலத்துக்கு, குளிர்காலம் தொடங்கியதும் தங்கம் தேடக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன. தங்கச் சுரங்கம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது கோலார். அங்கே தங்கத்துக்காக மனிதர்கள் 3 கி.மீ. ஆழத்துக்கு இறங்கினார்கள். கால்கூர்லிப் பக்கமோ, வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புகளில் இருந்த தங்கம் கோடிக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்ததால் மேல்மண்ணிலேயே கட்டிகளாகத் தங்கிவிட்டது. ஒரு முழ ஆழத்துக்குள் தோண்டியே கட்டி எடுத்தவர்கள் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும் பொழுதுபோக்காக இது மாறியதற்கு அதுவே காரணம்.

காலமும் உரிமமும்

அங்கே குளிரான மாதங்களான மே முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டும். ஜூலையில் பகல் வெப்பம் 17 டிகிரி அளவில் இதமாக இருக்கும்; இரவு 5 டிகிரிக்கு இறங்கும், சில விடியல்களில் புல்மேல் உறைபனி படரும். ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது குழந்தைகளோடு அந்தக் காட்டுக்குப் போவது ஆபத்தை விலைக்கு வாங்குவதுதான்.

அடுத்த வேலை ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமம். மாநிலச் சுரங்கத் துறை அலுவலகத்தில் சிறிய கட்டணம் கட்டி வாங்கலாம். ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். தேடப் போகும் பெரியவர் ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒன்று வைத்திருப்பது நல்லது. கைக்கருவிகளால் தேடவும், கிடைத்ததைத் தமதாக்கிக்கொள்ளவும் இந்தத் தாள் இடம் தருகிறது. இயந்திரம் வைத்துத் தோண்ட இது போதாது.

உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காக எங்கும் கால் வைத்துவிட முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். காலியாகக் கிடப்பதுபோல் தெரியும் நிலத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் சுரங்கக் குத்தகைக்குள் இருக்கும். அங்கே தேட அந்தக் குத்தகைதாரரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. பரந்த ஆய்வு உரிமப் பகுதி என்றால் ‘40ஈ’ என்ற தனி அனுமதிச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். அது மூன்று மாதம் வரை செல்லும். துறையின் ‘டெங்கிராஃப்’ இணைய வரைபடம் எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று காட்டும். நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் அதை மறுபடி பார்க்க வேண்டும். ஆட்டு, மாட்டுப் பண்ணை நிலமாக இருந்தால் பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும். கிணறு, ஆழ்துளை, அணை ஆகியவற்றிலிருந்து 400 மீட்டருக்குள் தேடக் கூடாது. தேசியப் பூங்காக்களும் காப்பகங்களும் தனிச் சம்மதம் இல்லாமல் கூடாது. பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் நுழையவே தனி அனுமதி வேண்டும். அவர்களின் பாறைக் குழிநீர், கல் அடுக்கு, ஓவியம் எதைக் கண்டாலும் தொடாமல் விலகிப் போவது சட்டம் மட்டுமல்ல, அடிப்படை மரியாதையும்கூட.

தண்ணீர், வண்டி, கூடாரம்

தலைக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் மூன்று நாள் இருப்பும் சேர்த்து ஏற்ற வேண்டும். நான்கு பேர் ஐந்து நாள் தங்கினால் 320 லிட்டர். ஒரே தொட்டியில் ஊற்றி வைத்து அதில் விரிசல் விட்டால் எல்லாம் போயிற்று. எனவே பல கேன்களில் பிரித்து வைக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, இரண்டு உபரிச் சக்கரம், காற்றடிக்கும் கம்ப்ரசர், கூடுதல் டீசல் அவசியம். மழை பெய்தால் செம்மண் பாதை சறுக்கு நிலமாகிவிடும். நகராட்சி பாதையை மூடியிருக்கும்போது ஓட்டினால் அபராதம் உண்டு. அந்திக்குப் பிறகு கங்காருக்கள் சாலையில் குறுக்கே பாயும் என்பதால் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கைப்பேசிக் கோபுரம் ஊரைத் தாண்டினால் இல்லை. ‘பி.எல்.பி.’ என்ற கையடக்க அவசரக் கருவி ஒன்றை வாங்கி, கட்டணமில்லாமல் பதிவு செய்து வைத்திருப்பது கட்டாயம். விசையை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்புப் படைக்கு இடம் தெரிந்துவிடும். எங்கே போகிறோம், எந்த நாள் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே கூடாது. வானிலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

முதல் முறை போகிறவர்களுக்கு குகைனி ஊருக்குப் பக்கத்தில் உள்ள நயாகரா அணை நல்ல முகாம். 1890-களில் கட்டிய அந்தச் சிறு அணையோரம் கூடாரம் போட இடம் உண்டு, கழிப்பறையும் உண்டு. தேடுவதற்கு மட்டும் அங்கிருந்து தள்ளிப் போக வேண்டும். காட்டுக்குள் தங்குவதாக இருந்தால், வறண்ட ஓடைப் படுகையிலும் பெரிய யூக்கலிப்டஸ் கிளைக்குக் கீழும் கூடாரம் அடிக்கக் கூடாது. ஓடையில் திடீர் வெள்ளம் வரலாம். கிளை காற்றே இல்லாமலும் முறிந்து விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய சுரங்கக் குழிகள். இந்த வட்டாரத்தில் நூறாண்டுக்கு முன் தோண்டிக் கைவிட்டவை ஏராளம். புதர் மூடியிருக்கும், விளிம்பு மண் உள்ளே சரியும். பிள்ளைகளுக்கு முதல் மணி நேரத்திலேயே இதைக் காட்டிச் சொல்ல வேண்டும்: மண்குவியல் தெரிந்தால் நில், பெரியவர் இல்லாமல் கிட்டே போகாதே. ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில், மேலே பளிச்சென்ற நிறச் சட்டை, காலில் கணுக்கால் மூடிய பூட்ஸ். பாம்பு குளிர்காலத்தில் குறைவு; ஆனால் வெயில் காயும் நடுப்பகலில் வெளியே வரும்.

டிடெக்டர் பிடிக்கும் கை

இந்த மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. உலோகத்தைக் கண்டால் ஒலியெழுப்பும் சாதாரண டிடெக்டர் இங்கே ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ வகைக் கருவிதான் வேண்டும். விலை அதிகம் என்பதால் கால்கூர்லிக் கடைகளில் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். முகாமில் வைத்தே பழகலாம்: தூண்டில் ஈயக்குண்டுகளை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஈயம் எழுப்பும் ஒலியும் தங்கம் எழுப்பும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கைப்பேசியை அணைத்துவிட்டு, மண்ணுக்கேற்ப கருவியைச் சமன்படுத்திக்கொண்டு, காயில் என்ற அதன் தேடும் வட்டைத் தரைக்கு இணையாக, தரையை உரசும் அளவு தாழ்த்தி, மெதுவாக வீச வேண்டும். வேகமாக வீசுகிறவர் தங்கத்தைத் தாண்டிப் போய்விடுவார். ஒலி கேட்டால் குறுக்குவாக்கிலும் ஒரு முறை வீசிப் பார்த்து, மேல்மண்ணைக் காலால் விலக்க வேண்டும். ஒலி இடம் மாறினால் அது மேலே கிடந்த குப்பை: துப்பாக்கித் தோட்டா, கம்பி, நூறு வருடத்துப் பூட்ஸ் ஆணி. களைக்கொத்தில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தால் இரும்பெல்லாம் அதிலேயே ஏறிவிடும். ஒலி மாறாமல் நின்றால், நேர்மேலே கொத்தாமல் பக்கத்திலிருந்து தோண்டி, மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளிக் காயில்மேல் காட்ட வேண்டும். ஒலித்தால் பாதியைக் கொட்டு, மறுபடி காட்டு. ஒலி எந்தப் பாதியில் வருகிறதோ அதையே திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை மண். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்களுடைய பொறுமை அங்கே ஆச்சரியப்படுத்தும்.

பிள்ளைகள் என்று குறைத்து நினைக்கவும் கூடாது. 1931 ஜனவரியில் கால்கூர்லிக்குத் தெற்கே லார்கின்வில்லில், தந்தையோடு வேலை செய்துகொண்டிருந்த 17 வயது ஜிம் லார்கோம் 35 கிலோ எடையுள்ள கட்டியைத் தோண்டியெடுத்தான். சிறகு விரித்த பறவை போன்ற அதன் வடிவத்தால் ‘கோல்டன் ஈகிள்’ என்று பெயர் வந்தது. அது அபூர்வம். இன்று ஒரு வாரம் தேடும் குடும்பத்துக்கு அரை கிராம், ஒரு கிராம் கிடைத்தாலே சந்தோஷப்படலாம். ஒன்றுமே கிடைக்காத வாரங்கள்தான் அதிகம். ஒரு கட்டி கிடைத்துவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தங்கம் பெரும்பாலும் கூட்டமாகக் கிடக்கும். இடத்தை ஜி.பி.எஸ்ஸில் குறித்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய சங்கிலியைத் தரையில் இழுத்தபடி கோடு கோடாக நடந்தால், தேடிய தடம் தெளிவாகத் தெரியும்.

மாலையில் தட்டு

நாள் முழுக்க நடந்த பிறகு, ஓடை வளைவின் உட்புறத்திலும் பாறை இடுக்கிலும் சுரண்டிய மண்ணை முகாமில் தட்டில் இட்டு அரித்துப் பார்க்கலாம். அரிக்கஞ்சட்டியில் அரிசி அரித்துக் கல் நீக்கும் அதே கைப்பக்குவம்தான், இங்கே வேண்டியது அடியில் தங்கும் கல். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம்; வெண்கற்பொடி இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். தட்டைத் தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமுமாகக் குலுக்கினால் கனமானது அடிக்கு இறங்கும். பிறகு சாய்த்து மேல்மண்ணைக் கழுவிவிட வேண்டும். கடைசியில் கருமணல் மிஞ்சும். உலர்த்தி, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் அது விலகி, பொன் துகள் தனியே நிற்கும். இரண்டு தொட்டி வைத்து ஒரே தண்ணீரைத் தெளியவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் நுண்துகள் மிதந்து போகாது.

தோண்டிய ஒவ்வொரு குழியையும் அப்போதைக்கப்போதே மூட வேண்டும். இது உரிமத்தின் நிபந்தனை. மூடாத குழியில் மாட்டின் கால் முறியும், அடுத்த முறை பண்ணைக்காரர் யாரையும் உள்ளே விடமாட்டார். எடுத்த தோட்டாவையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு வருவது நல்ல பழக்கம்.

கிடைத்த கட்டியை உடனே உருக்கவோ, வெண்கல்லில் ஒட்டியிருந்தால் கல்லை உடைத்துப் பிரிக்கவோ வேண்டாம். வடிவம் அழகாக இருக்கும் இயற்கைக் கட்டிக்கும் கல்லோடு சேர்ந்த தங்கத்துக்கும் சேகரிப்பவர்கள் உலோக விலைக்கு மேலேயே கொடுப்பார்கள். மற்றதை எடை போட்டு, 31.1 கிராம் ஓர் அவுன்ஸ் என்று கணக்கிட்டு, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்ட பிறகு விற்கலாம்.