உலகத்தரம் என்பது எது?

கேள்வி: ரக்பியில் ஒருவரை உலகத்தரமான வீரர் என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: வேகத்தையோ உடல்பலத்தையோ வைத்தல்ல, எதிரணி தன்னை முழுக்கப் படித்துவிட்ட பிறகும் ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்புகிறாரா என்பதை வைத்துத்தான். நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா 148 டெஸ்ட் ஆடினார், 110-ல் கேப்டன். 2011, 2015 உலகக் கோப்பைகளும் அவர் தலைமையில் வந்தவையே. ஓட்டத்தில் அவரை மிஞ்சியவர்கள் ஏராளம். ஆனால், மடக்கி வீழ்த்தப்பட்டவரிடமிருந்து பந்தைப் பறிக்க எப்போது கை நீட்டுவது, எப்போது விலகுவது என்று நொடிக்குள் கணிப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது. (நடுவரின் பொறுமையையும் அளந்து வைத்திருந்தார் என்று எதிரணி ரசிகர்கள் புகைவார்கள்; அதுவும் திறமைதான்!) பலமான அணியில் யாரும் ஜொலிக்கலாமே என்பீர்கள். இத்தாலியின் செர்ஜியோ பரிஸ்ஸே 142 டெஸ்ட்களில் பெரும்பாலும் தோற்ற பக்கமே நின்றார். உலகின் சிறந்த வீரர் விருதுக்கு இருமுறை பரிந்துரைக்கப்பட்டவரும் அவர்தான்.