அனுப்பும் படமும் அச்சில் வரும் முகமும்



அண்மையில் 31ஆம் நாள் நினைவஞ்சலிக்கென ஒரு குடும்பத்தார் எமக்குப் படமொன்றை அனுப்பியிருந்தார்கள். திருமண வீட்டில் பத்துப் பேர் வரிசையாக நின்றெடுத்த படம். அதில் நடுவில் நின்ற தகப்பனாரை மட்டும் வெட்டிப் பிரசுரிக்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். கைத்தொலைபேசித் திரையில் நன்றாகவே தெரிந்த அந்த முகம், பக்கத்தில் இரண்டு அங்குல அகலத்திற்கு விரித்தபோது கண் எது, நிழல் எது என்று புரியாமற் போயிற்று. மூலப் படத்தைக் கேட்டோம். "ஃபோனில இடம் காணாதெண்டு அழிச்சிட்டம், பாதர்" என்றார் மகன். முடிவில் தபால் முத்திரை அளவிலேயே அதைப் பிரசுரிக்க நேர்ந்தது.

இதில் என்ன நடந்தது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கைத்தொலைபேசி எடுக்கும் படம் புள்ளிகளால் ஆனது. 12 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 4000, உயரத்தில் 3000, ஆக ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளைக் குறித்து வைத்தால் 36 மெகாபைட் இடம் வேண்டும். ஆனால் தொலைபேசியில் அப்படம் மூன்று நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கி விடுகிறது. இதற்குக் காரணம் 'ஜேபெக்' எனும் சுருக்கும் முறை. 1992ஆம் ஆண்டு முதல் இது உலகப் பொதுநியமமாக உள்ளது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, நடராஜன், ராவ் என்போர்.

இம்முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டு, மிக நுண்ணிய மாற்றங்களைக் கைவிடுகிறது. நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிறத்தின் வேறுபாட்டை மந்தமாகவுமே உணர்வதால், நிற விபரத்தையும் பாதிக்கு மேல் குறைத்து விடுகிறது. அளவோடு செய்தால் நாம் எதையும் உணரோம். மிஞ்சிச் சுருக்கினால் வானத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தோன்றும். இருண்ட பீடத்தின் முன் நிற்கும் குருவானவரின் வெள்ளை அங்கியின் ஓரத்தில் அழுக்குப் போன்ற கறை படியும். கல்லறை எழுத்துக்களைச் சுற்றியும் இதே கறையைக் காணலாம்.

படத்தைப் பிரதி செய்தாலே தேய்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கோப்பை ஆயிரம் முறை பிரதி செய்தாலும் ஒரு புள்ளியும் மாறாது. திறந்து, வெட்டி, பூவும் எழுத்தும் பொறித்து மீண்டும் சேமிக்கும்போதுதான் புதிதாகச் சுருக்கப்பட்டு இழப்பு ஏற்படுகிறது. (பூ வைப்பதில் நம்மவர்களுக்கு ஏனோ அத்தனை ஆசை!)

இனி அளவைக் குறைத்தல். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீண்ட பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகளாகக் குறைக்கப்படுகிறது. நாம் சொன்ன திருமணப் படத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். மூலத்தில் தலையும் தோளுமாக ஒருவருக்கு 400 புள்ளிகள் கிடைத்திருக்கும். அனுப்பிய பின் 160 மட்டுமே. செய்தித்தாளில் அச்சிட அங்குலத்திற்குச் சுமார் 200 புள்ளிகள் தேவை; வழவழப்பான தாளில் அச்சிடும் நினைவு மலருக்கோ 300. எனவே மூலப் படம் எமக்கு இரண்டு அங்குலம் தந்திருக்கும். வந்து சேர்ந்ததோ ஒரு அங்குலத்திற்கும் குறைவு.

"கொம்பியூட்டரில் பெரிதாக்கலாமே" என்பீர்கள். பெரிதாக்கலாம். ஆனால் இரு புள்ளிகளுக்கிடையே என்ன இருந்தது என்று அது ஊகித்து நிரப்புமேயன்றி, போனதை மீட்டுத் தராது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கண்ணையும் பல்லையும் பளிச்சென வரைந்து தருகின்றன என்பது உண்மைதான். ஆயினும் அவை வரைவது, தாம் பார்த்துப் பழகிய எண்ணற்ற முகங்களைக் கொண்டு கற்பனை செய்த ஒரு கண்ணை. வெற்றிலைக் கறையோடு சிரித்த தகப்பனின் இடத்தில் யாரோ ஒருவர் வந்து நிற்பார். அதை அவருடைய பெயருக்கு மேல் அச்சிட எமக்கு மனம் வரவில்லை.

போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் வீட்டோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. எஞ்சியிருக்கும் ஒரு படத்தைத் தொலைபேசியில் பிடித்து, அந்தப் பிரதியையே மூலமாக நம்பியிருப்போரும் உளர்.

ஆகவே, எமக்குப் படம் அனுப்பும்போது வட்ஸ்அப்பில் 'ஆவணம்' என்ற வழியாக இணையுங்கள், அல்லது மின்னஞ்சலில் கோப்பாகவே அனுப்புங்கள். அப்போது படம் குறைக்கப்படாமல் வரும். திரையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டாம். வெட்டும் வேலையை எம்மிடம் விடுங்கள். சுவரில் மாட்டிய பழைய படமாயின் கண்ணாடிக்கு மேலால் பிடித்தால் யன்னல் வெளிச்சமும் சேர்ந்து விழும். சட்டத்திலிருந்து பக்குவமாகக் கழற்றி எடுத்து வாருங்கள். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் வீதம் இங்கேயே ஸ்கான் செய்து, படத்தைக் கையோடு திருப்பித் தருகிறோம்.